பழைய ஸ்வெட்டரைப் பிரித்து மஃப்ளர் பின்னலாம், படித்துக்கொண்டே

கொரோனா ஊரடங்கில் கேரளத்தின் மூணாறில் நூல் கிடைக்கவில்லை. போடிமெட்டு மலைப்பாதையில் தமிழ்நாட்டுப் பக்கம் இறங்கிப் போய் வாங்கிவரவும் வழியில்லாமல் இருந்தது. ஆனால் எஸ்டேட் லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், பழைய ஸ்வெட்டர் இருக்கும். ஒரு மஃப்ளருக்கு 150 கிராம் நூல் போதும், அதிலிருந்தே எடுத்துவிடலாம்.

முதலில் ஸ்வெட்டரின் உள்பக்கத் தையலைப் பாருங்கள். பனியன் மாதிரி ஓரம் வெட்டித் தைத்திருந்தால் விட்டுவிடுங்கள், நூல் துண்டு துண்டாகத்தான் வரும். ஓரம் வெட்டுப்படாமல் சங்கிலிபோல் இருந்தால் தையலை மட்டும் பிரித்து, கழுத்துப் பக்கத்திலிருந்து உருவுங்கள். அடியிலிருந்து இழுத்தால் சிக்கிக்கொள்ளும். நாற்காலி முதுகில் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து அலசித் தொங்கவிடுங்கள். சுருள் நீங்கிக் காய்ந்தபின் பந்தாகச் சுற்றலாம்.

ஊசிக்கு 4 மி.மீ. கனம், 30 செ.மீ. நீளத்தில் இரண்டு மூங்கில் குச்சிகள். ஒரு முனையைச் சீவி மழுக்குங்கள். மறுமுனையில் ரப்பர் பேண்ட் சுற்றுங்கள், கண்ணி (ஊசியில் மாட்டும் நூல் வளையம்) நழுவாது. உப்புத்தாள் தேய்த்து, மெழுகுவத்தி தடவுவதில் சோம்பல் வேண்டாம். சொரசொரப்பான ஊசியில் நூல் மாட்டினால் கையில் தவறு இல்லாமலேயே பின்னல் கெடும்.

இனிக் கண்ணி ஏற்றுவது. சுருக்குக் கண்ணி ஒன்று போட்டு இடது ஊசியில் மாட்டுங்கள். வலது ஊசியை அதற்குள் முன்னிருந்து பின்னாக நுழைத்து, நூலை அதன்மேல் ஒரு சுற்றுச் சுற்றி, அந்தச் சுற்றை முன்பக்கம் இழுங்கள். வந்த புதுக் கண்ணியை இடது ஊசியிலேயே ஏற்றுங்கள். இப்படி 36. இறுக்க வேண்டாம், முதல் வரிசையில் ஊசி நுழையாமல் பாதிப்பேர் விட்டுவிடுவது இங்கேதான்.

பின்னுவதும் இதே அசைவுதான். ஒரே வித்தியாசம்: புதுக் கண்ணி வலது ஊசியிலேயே தங்கும், பழையதை இடது ஊசியிலிருந்து நழுவவிட வேண்டும். வரிசை முடிந்ததும் ஊசிகளைக் கைமாற்றி மறுபடி அதையே செய்யுங்கள். இருபுறமும் ஒரே மாதிரி வரப்புகள் எழும். வேறு பின்னல் வகை கற்க வேண்டியதில்லை, அதனால்தான் கண் புத்தகத்துக்குப் போக முடிகிறது.

கண்ணி 37, 38 என்று ஏறினால் காரணம் பெரும்பாலும் ஒன்றே. வரிசை தொடங்கும்போது நூல் ஊசிக்கு மேலே போய்விட்டால் முதல் கண்ணி இரண்டாகத் தெரியும். நூலை முன்பக்கம் கீழே தொங்கவிட்டு, ஊசிக்கு அடியில் பின்னால் கொண்டுபோங்கள். அவிழ்ந்த கண்ணியை ஹேர்பின்னால் பிடித்து ஏற்றிவிடலாம்.

முதல் 10 செ.மீ. வரை புத்தகம் வேண்டாம். விரல் கண்ணியைத் தானே தடவிக் கண்டுபிடிக்கும்வரை வீட்டில் யாராவது வாசிக்கட்டும். மலையாளம் மீடியம் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து பழகவும் இது நல்ல வாய்ப்பு. பிறகு புத்தகத்தைத் தலையணையில் சாய்த்து, இரண்டு பக்கத்துக்கும் துணி கிளிப் போடுங்கள். வரிசையின் நடுவில் பக்கம் புரட்டாதீர்கள். பாதியில் வைத்துவிட்டு எடுக்கும்போது திசை மாறினால் ஓட்டை விழும். அப்படி எடுக்கும்போது பந்திலிருந்து வரும் நூல் வலது ஊசியில் இருக்க வேண்டும்.

140 செ.மீ. நீளத்துக்குச் சுமார் 560 வரிசை. வரிசைக்கு 3 நிமிடம், தினம் ஒரு மணி நேரம் என்றால் 28 நாள். மே நடுவில் தொடங்கினாலும் ஜூன் 19, கேரளத்தின் வாசிப்பு நாளுக்குள், மழைக்குளிருக்குக் கழுத்தில் சுற்ற மஃப்ளர் தயார்.

முடிக்க, இரண்டு கண்ணி பின்னி, முதலாவதை இரண்டாவதன் மேலாகத் தூக்கி ஊசியிலிருந்து இறக்குங்கள். இன்னொன்று பின்னி, மறுபடி அதேபோல். கடைசிக் கண்ணியில் 15 செ.மீ. நூல் விட்டு வெட்டி, அதற்குள்ளேயே இழுத்து, மிச்சத்தைக் கோணி ஊசியால் வரப்புகளுக்குள் செருகுங்கள்.