டியூப் ஆம்ப்பில் ஸ்பீக்கர் மாற்றிய அனுபவம்

என் 5 வாட் டியூப் ஆம்ப்பில் (வெற்றிடக் குழாய்களால் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) கிட்டார் வாசித்தால் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போலவே கேட்கும். முதலில் ஸ்பீக்கரை மாற்றினேன். பழையதன் இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்குத் தரும் எதிர்ப்பு) 8 ஓம் என்பதால் புதியதும் 8 ஓம்தான், ஆனால் சென்சிடிவிட்டி, அதாவது அதே வாட்டுக்குத் தரும் சத்தம், 3 டெசிபல் அதிகம், அது வாட்டை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். சத்தம் நிறைந்து வந்தது. அப்படியும் வால்யூமைக் குறைத்தால் காதைக் குத்தும் கீச்சொலி போகவில்லை. வால்யூம் கன்ட்ரோலின் இரண்டு கால்களுக்கு நடுவே பற்றவைத்திருந்த பொட்டளவு பிரைட் கெபாசிட்டர்தான் காரணம்: வால்யூம் குறையும்போதும் டிரெபிளை (உச்ச ஒலிகளை) மட்டும் அது விட்டுவிடும். அதன் ஒரு காலை மட்டும் கழற்றிவிட்டேன், கீச்சு நின்றது.

ஆனால் ஆம்ப்பைத் திறக்கும்போது கவனம்: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் சப்ளையின் ஃபில்டர் கெபாசிட்டர்களில் 300 வோல்ட்கூடத் தங்கியிருக்கும்; ரெசிஸ்டர் வைத்து வடியவிட்டு, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வைத்தேன். அப்புறம், ஸ்பீக்கர் இணைக்காமல் ஆன் செய்யவே கூடாது, டியூபுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடலாம்.