விமானம் ரத்தா? முதலில் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள்

புயல், வேலைநிறுத்தம் என்று செய்தி வந்ததுமே பலர் பதறிப்போய், விமான நிறுவனம் எதுவும் சொல்வதற்கு முன்பே டிக்கெட்டைத் தாங்களே கேன்சல் செய்துவிடுகிறார்கள். பணம் போவது அங்கேதான். நீங்கள் ரத்து செய்தால் பிடித்தம் போக மிச்சம்தான் வரும். அவர்கள் ரத்து செய்து, மாற்று விமானமும் உங்களுக்கு வேண்டாம் என்றால், 'பணம் திருப்பித் தரப்படாது' என்று போட்டு விற்ற மலிவு டிக்கெட்டுக்கும் முழுப் பணம் உண்டு. ஐரோப்பா, அமெரிக்கா, இந்தியா மூன்றிலும் விதி இதுதான். அதனால் அவர்களிடமிருந்து செய்தி வரும்வரை பொறுங்கள், வந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

அந்தச் செய்தியிலேயே ஒரு லிங்க் இருக்கும், தட்டினால் வவுச்சர் (பணத்துக்குப் பதில் அடுத்த பயணத்துக்குத் தரும் கூப்பன்) பெரிய எழுத்தில் பளிச்சென்று தெரியும், ரீஃபண்ட் எங்கேயோ அடியில் கிடக்கும். அவசரப்பட்டு வவுச்சரை வாங்கிவிட்டால் அப்புறம் பணமாகக் கேட்பது பெரும்பாடு. வவுச்சரை உங்கள் தலையில் கட்ட அவர்களுக்கு உரிமை கிடையாது. "பணமாகவே வேண்டும்" என்று பிஎன்ஆர் எண்ணோடு (டிக்கெட்டில் இருக்கும் பதிவு எண்) மின்னஞ்சலில் எழுதுங்கள், போனில் பேசியது மட்டும் போதாது.

ரீஃபண்ட் வேறு, நஷ்டஈடு வேறு. வானிலையால் ரத்தானால் நஷ்டஈடு கிடைக்காது, ஆனால் டிக்கெட் பணம் வந்தே ஆக வேண்டும். இதைக் குழப்பிச் சொல்லும் ஊழியர்களும் இருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி, புறப்பட 14 நாளுக்கும் குறைவாக இருக்கும்போது சொல்லி ரத்து செய்தால், தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை நஷ்டஈடு கேட்கலாம் (நேரம் அதிகம் மாறாத மாற்று விமானம் கொடுத்துவிட்டால் கிடைக்காது). ரீஃபண்டுக்குக் கெடு 7 நாள். அமெரிக்காவில் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் 7 வேலைநாள், மற்ற வழிகளில் 20 நாள். ஆனால் ரத்துக்கு நஷ்டஈடு தரச் சட்டம் அங்கே இல்லை. இந்தியாவில் நஷ்டஈடு உண்டு, ஆனால் ஒரு கொக்கி வைத்திருக்கிறார்கள்: பதிவு செய்யும்போது சரியான தொடர்பு எண் கொடுக்காதவருக்குக் கிடையாது. ஏஜென்ட் தன் எண்ணைப் போட்டுவிட்டால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

ஏஜென்ட் மூலம் எடுத்திருந்தால் அவருக்கும் விமான நிறுவனத்துக்கும் ஒரே மின்னஞ்சலில் எழுதுங்கள், ஒருவர் மேல் ஒருவர் பழி போட முடியாது. கெடு தாண்டியும் பணம் வராவிட்டால், கிரெடிட் கார்டில் கட்டியவர்கள் வங்கியிடம் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தை வங்கி வழியாகவே திரும்பப் பெறுவது) கேளுங்கள், அந்த ஸ்கிரீன்ஷாட்டும் மின்னஞ்சலும் அப்போதுதான் வேலைக்கு வரும்.