கோழிக் கறியின் சத்தை வீணாக்காமல் சமைப்பது எப்படி?

முதற்படி, துண்டைத் தெரிவு செய்தல். தோல் நீக்கிச் சமைத்த நெஞ்சுத் துண்டு 100 கிராமில் ஏறத்தாழ 31 கிராம் புரதமும், 4 கிராமுக்குக் குறைவான கொழுப்பும், 165 கலோரியும் உள்ளன. தொடையில் புரதம் 26 கிராமளவு. கொழுப்பு 11 கிராமை எட்டும். ஆயினும் இரும்பும் துத்தநாகமும் தொடையிலேயே கூடுதல் என்பதால், வளரும் பிள்ளைகளுக்கு நான் தொடையையே பரிந்துரைப்பேன்.

இரண்டாவது, அளவு. மேற்கூறிய கணக்கு வெந்த இறைச்சிக்கானது. வேகும்போது நீர் வெளியேறி எடையில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு குறைவதால், ஒருவருக்கு 100 கிராம் வெந்த இறைச்சி தேவையெனில், 130 கிராமளவு பச்சை இறைச்சியை நிறுத்தெடுக்க வேண்டும். புதிதாகச் சமைப்போர் பெரும்பாலும் குழம்புவது இங்கேதான். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 48 கிராம் புரதம் வேண்டும். அதில் பாதிக்கு மேற்பட்டதை இந்த ஒரு பங்கே தந்துவிடும்.

மூன்றாவது, தோலை உரித்துவிடுங்கள். கொழுப்பில் பெரும்பகுதி அதனோடு போய்விடும். குழாயடியில் பிடித்துக் கழுவுவதைத் தவிருங்கள். தெறிக்கும் நீர், அருகில் வைத்திருக்கும் சம்பலுக்கான வெங்காயத்திலும் கிருமிகளைச் சேர்த்துவிடும். மஞ்சளும் தேசிக்காயும் வாடையைப் போக்குமே தவிர, கிருமிகளை அழிக்கப் போதா. துண்டின் நடுப்பகுதி 74 பாகை செல்சியசை அடையும்வரை வேகவைப்பதே பாதுகாப்பு.

நான்காவது படிக்குத்தான் மிகுந்த கவனம் வேண்டும். கோழியில் நிறைந்துள்ள நியாசின், பி6 முதலிய விற்றமின்கள் நீரில் கரைபவை. ஆகவே அவித்த நீரை ஊற்றிவிடாமல், வெங்காயம், கறித்தூள், கறிவேப்பிலை, இரம்பை ஆகியவற்றோடு இறைச்சியைப் பிரட்டி, சட்டியை மூடி, அது விடும் நீரிலேயே மெல்லிய நெருப்பில் வேகவிட்டு, அந்தக் குழம்பையும் சோற்றோடு சேர்த்து உண்ண வேண்டும். தேங்காயின் முதற்பாலைத் தாராளமாக ஊற்றினால், தோலை உரித்துக் குறைத்த கொழுப்பு வேறு வழியால் திரும்பிவிடும் என்பதால், இரண்டாம் பாலில் சமைத்து, இறக்கும்போது முதற்பால் சிறிதளவு சேர்த்தாற் போதும்.

கோழியில் நார்ச்சத்து இல்லை. விற்றமின் சியும் இல்லையென்றே சொல்லலாம். பக்கத்தில் முருங்கையிலை வறை வைத்து, அதில் தேசிப்புளி விடுங்கள். இலையிலுள்ள இரும்பை உடல் உறிஞ்சுவதற்குத் தேசிப்புளியும் கோழி இறைச்சியும் இரண்டுமே துணைசெய்கின்றன. ஈரலில் இரும்பும் விற்றமின் ஏயும் செறிந்துள்ளன, ஆனால் அந்த விற்றமின் ஏயின் மிகுதியால் கர்ப்பிணிகள் அதைத் தவிர்ப்பது நல்லது. மிஞ்சிய கறியை, நம் வெக்கையில் இரவுவரை சட்டியிலேயே விடாமல், ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.