மயில் ஆரல் வளர்ப்பு: முதலில் அதைச் சாப்பிட வையுங்கள்

பினாங்கு வளர்ப்பு மீன் கடைகளில் ‘திலான்’ என்று கேட்டால் பாம்பு போல நீண்ட ஆரல் மீன் குட்டிகளை எடுத்துக் காட்டுவார்கள். அதில் மயில் ஆரலைத் தேர்ந்தெடுங்கள். பழுப்பு உடம்பு, முதுகுத் துடுப்பின் ஓரமாக வளையமிட்ட கரும்புள்ளிகள் இருக்கும். 30 செ.மீ. வரை வளரும். நெருப்பு ஆரல் அழகுதான், ஆனால் ஒரு மீட்டரைத் தொடும், புதியவர்களுக்கு வேண்டாம்.

1. தொட்டி: மூன்றடி நீளம், இரண்டு அங்குலம் நைஸ் மணல். ஆரல் பகலெல்லாம் மணலில் புதைந்து கிடக்கும். கூர்மையான கற்கள் அதன் தோலைக் கிழித்துவிடும். பத்து ஃபெரிங்கி கடற்கரை மணலையும் அள்ளி வராதீர்கள், அதிலுள்ள சிப்பித்தூள் தண்ணீரைக் கடினமாக்கும். ஃபில்டர் என்றால் என் ஓட்டு ஸ்பாஞ்சுக்குத்தான். மற்றவற்றின் உறிஞ்சுகுழாயில் குட்டி சிக்கிக்கொள்ளும். நம் ஊர் வெயிலுக்கு ஹீட்டர் தேவையில்லை. மூடியில் ஒயர் நுழையும் இடுக்கைக்கூட பஞ்சு வைத்து அடையுங்கள், அதன் வழியாகவே வெளியேறிவிடும்.

2. தீனி: பல ஆரல்கள் பட்டினியால்தான் சாகின்றன. ஃபிளேக்ஸை (தகடு போன்ற உலர் தீனி) சீண்டவே சீண்டாது. வாங்கும்போது மேலிருந்து பாருங்கள். தலையைவிட உடம்பு ஒல்லியாக இருந்தால் அது பல நாள் பட்டினி.

முதலில் மற்ற மீன்களுக்குத் தீனி போட்டு வயிற்றை நிரப்புங்கள். பிறகு விளக்கை அணைத்து அரை மணி நேரம் காத்திருங்கள். மீன் தீனியாக விற்கும் உறைந்த ரத்தப் புழுவைக் கரைத்து, நீளமான பிளாஸ்டிக் குழாயால் ஆரல் இருக்கும் இடத்திலேயே மெதுவாக விடுங்கள். அது தீனியை மோப்பத்தால்தான் தேடும். தும்பிக்கை போன்ற மூக்கு நுனி மணலைத் தடவிக்கொண்டே வந்து, புழுவைத் தொட்டதும் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்போது டார்ச் அடிக்காதீர்கள். இதற்கும் மசியவில்லையா? மருந்து தெளிக்காத தொட்டிச் செடி மண்ணிலிருந்து மண்புழு எடுத்து, கழுவி, நறுக்கிப் போடுங்கள். என்னைக் கேட்டால் மண்புழுவுக்கு ஈடே இல்லை. அப்புறம், கப்பி, நியான் டெட்ரா போன்ற சின்ன மீன்களைக் கூடவே வைத்தால் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும்.

3. இனப்பெருக்கம்: விலாங்கைப் போல இது கடலுக்குப் போவதில்லை, நன்னீரிலேயே முட்டையிடும். ஆனால் வீட்டுத் தொட்டியில் அரிது. நாலைந்து ஆரல்களைச் சேர்த்து வளர்த்தால் வயிறு பருத்தது பெண் என்று அடையாளம் தெரியும். மழைக்காலத்தைப் போலச் சற்றுக் குளிர்ந்த தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள். ஆகாயத்தாமரையை மிதக்க விடுங்கள், ஒட்டும் முட்டைகள் அதன் வேரில் தங்கும். முட்டைகளைக் கண்டால் பெரியவற்றை வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள், தின்றுவிடும். குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும் முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த ஆர்ட்டீமியா (உப்புநீரில் வாழும் மிகச் சிறிய இறால் வகை) கொடுக்கலாம்.

பின்சேர்க்கை: வெண்புள்ளி நோய்க்கு என்ன மருந்து என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஆரலின் செதில் மிக நுண்ணியது, தாமிரம் கலந்த மருந்து ஆகவே ஆகாது. மற்ற மருந்துகளில் பாதி அளவோடு தொடங்கி, தண்ணீரின் வெப்பத்தை 30 டிகிரி வரை மெல்ல உயர்த்துங்கள். அதற்கு மட்டும் ஹீட்டர் வேண்டும். வெப்பம் கூடினால் பிராணவாயு குறையும், காற்றுப் பம்பை நிறுத்தாதீர்கள்.