காரணம் தெரியாமல் எடை ஏறினால் அட்ரினலைக் குற்றம் சொல்ல அவசரப்படாதீர்கள்

சாப்பாட்டில் பெரிய மாற்றம் இல்லை. ஆனாலும் சில மாதங்களில் துணியெல்லாம் இறுக்கமாகிவிட்டது, காலையில் எழும்போதே அசதி. காரணம் தேடும் பெண்களுக்கு இணையத்தில் சட்டென்று கிடைக்கும் பதில், “மன அழுத்தத்தால் உங்கள் அட்ரினல் சுரப்பி களைத்துவிட்டது” என்பது. (சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்து, கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோனைச் சுரப்பதுதான் அட்ரினல்.) அவர்கள் படும் அவஸ்தை உண்மை. பதில்தான் தவறு. அதை நம்பி மாதக்கணக்கில் காத்திருப்பதில்தான் பெரிய நஷ்டம்.

‘அட்ரினல் களைப்பு’ என்ற பெயர் 1998-இல் மாற்று மருத்துவத் தரப்பிலிருந்து வந்தது. 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, அதுவரை நடந்த 58 ஆய்வுகளை அலசிவிட்டு, அப்படி ஒரு நோய் இருப்பதற்கு ஆதாரம் இல்லை என்று முடித்தது. கொஞ்சம் யோசித்தாலே இந்த விளக்கம் இடிக்கும். அட்ரினல் உண்மையிலேயே பழுதாகி கார்டிசால் சுரக்காமல் போவதுதான் அடிசன் நோய். அதில் எடை ஏறாது, குறையும். பசி போகும், ரத்த அழுத்தம் இறங்கும், தோல் கருக்கும், நாக்கு உப்பைத் தேடும்.

மன அழுத்தத்துக்கும் எடைக்கும் தொடர்பே இல்லையா என்றால், உண்டு. நீண்ட நாள் அழுத்தம் பலருக்குப் பசியைத் தூண்டும், இனிப்பின் மேல் ஆசையைக் கிளப்பும், தூக்கத்தைக் கெடுக்கும். தூக்கம் குறைந்தால் பசி இன்னும் கூடும். இது சுரப்பி ‘களைத்துப் போவது’ இல்லை. சுரப்பி தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது.

அடுத்த தவறு இன்னும் ஆபத்தானது: ‘அட்ரினலுக்கு ஊட்டம்’ என்று விற்கும் மாத்திரைகளை வாங்கி விழுங்குவது. அமெரிக்காவில் இப்படி விற்ற 12 தயாரிப்புகளைச் சோதித்து 2018-இல் முடிவு வெளியிட்டார்கள். பன்னிரண்டிலுமே தைராய்டு ஹார்மோன் இருந்தது; பெரும்பாலானவற்றில் ஏதாவது ஒரு ஸ்டீராய்டு ஹார்மோனும் இருந்தது. வெளியிலிருந்து கார்டிசால் வகை ஸ்டீராய்டு போதிய அளவில் வந்துகொண்டே இருந்தால் உடம்பு தன் சொந்த உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். இல்லாத நோய்க்கு மருந்து சாப்பிடப் போய், நன்றாக இருந்த சுரப்பியை நாமே தூங்க வைத்துவிடும் ஆபத்து இது.

சரி, கார்டிசால் அதிகமாகச் சுரந்து எடை ஏறுகிறதோ, ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துவிடலாம் என்று நேரே லேபுக்குப் போவதும் உதவாது. கார்டிசால் காலையில் உச்சத்தில் இருக்கும். நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்துக்கு இறங்கும். ஏதோ ஒரு நேரத்தில் எடுத்த ஒற்றை எண்ணை வைத்து அதிகச் சுரப்பைக் கண்டுபிடிக்க முடியாது. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு அந்த எண் தானாகவே உயர்ந்து காட்டும், அதைப் பார்த்து வீணாகப் பயந்துபோவார்கள். உண்மையான சந்தேகம் இருந்தால் மருத்துவர் கேட்கும் சோதனைகள் வேறு: இரவு நேரத்து உமிழ்நீர், 24 மணி நேரம் சேர்த்த சிறுநீர், அல்லது இரவு 11 மணிக்கு மேல் 1 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் (கார்டிசால் சுரப்பை அடக்கும் ஸ்டீராய்டு மாத்திரை) கொடுத்து மறுநாள் காலையில் ரத்தம் எடுப்பது. அந்த மாத்திரைக்குப் பிறகும் கார்டிசால் இறங்காமல் நின்றால்தான் மேற்கொண்டு விசாரிக்க வேண்டிய விஷயம்.

வீட்டு மருந்துப் பெட்டியை யாரும் சந்தேகப்படுவதில்லை. மூட்டில் போட்ட ஸ்டீராய்டு ஊசி, அதிக அளவில் எடுக்கும் ஆஸ்துமா இன்ஹேலர், நாள்கணக்கில் பூசிய வீரியமான ஸ்டீராய்டு கிரீம் எல்லாமே கணக்கில் சேரும். கார்டிசால் அதிகமானால் வரும் பாதிப்புகளுக்கு உலகெங்கும் முதல் காரணம் இத்தகைய மருந்துகள்தான். மனநல மருந்துகளில் சில, வலிப்பு மருந்துகளில் சில, இன்சுலின் இவையும் எடையைக் கூட்டலாம். ஆனால் எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். குறிப்பாக, நீண்ட நாள் எடுத்த ஸ்டீராய்டைத் திடீரென்று விட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

தைராய்டு குறைவு, பி.சி.ஓ.எஸ். என்ற சினைப்பை ஹார்மோன் கோளாறு, மாதவிடாய் நிற்கப்போகும் காலம், தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது ஆகியவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தைராய்டு குறைவால் ஏறும் எடை பொதுவாகச் சில கிலோதான், அதிலும் நீர் நிறைய. அதற்கு மேல் ஏறியிருந்தால் வேறு காரணமும் இருக்கலாம்.

கடைசியாக, எதிர்த்திசைத் தவறு. “குறைவாகச் சாப்பிடுங்கள், சரியாகிவிடும்” என்று சொல்லி அனுப்பிவிடுவது. கார்டிசால் அளவுக்கு மீறிச் சுரக்கும் குஷிங் நோய் அரிது. ஆனால் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது. பலருக்கு அதைக் கண்டுபிடிக்கவே வருடங்கள் ஆகின்றன. கைகால் மெலிய வயிறு மட்டும் பெருப்பது, முகம் உருண்டையாவது, லேசாக இடித்தாலே கன்றிப்போவது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியாதது இவை அதன் அடையாளங்கள். வயிற்றுக் கோடுகளையும் கவனியுங்கள்: பிரசவத்துக்குப் பிறகு நாளாக நாளாக வெளிறிவிடும் மெல்லிய கோடுகள் சாதாரணம், ஒரு சென்டிமீட்டருக்கு மேல் அகலமாக, ஊதா நிறத்தில் புதிதாகத் தோன்றினால் ஹார்மோன் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். போகும்போது கிரீம், ஊசி உட்பட எல்லா மருந்துகளின் பட்டியலையும், ஓரிரு வருடம் முந்தைய புகைப்படங்களையும் எடுத்துச் செல்லுங்கள். தினமும் கண்ணாடி பார்ப்பவருக்குத் தெரியாத முக மாற்றம், மருத்துவருக்கு அந்தப் படங்களில் தெரிந்துவிடும்.