இகுவானா கண்ணை மூடினால் என்ன அர்த்தம்?

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை என்பார்கள். நான் அதைக் காசு கொடுத்துச் செய்தேன். கடையில் பார்த்தபோது அந்தப் பச்சை இகுவானா உள்ளங்கையில் அடங்கியது. "நாய் மாதிரி பழகிடும் சார், தோள்லயே உட்கார்ந்துக்கும்" என்றார் கடைக்காரர். எவ்வளவு பெரிதாகும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. மத்திய, தென் அமெரிக்கக் காடுகளில் மரத்தின் மேலேயே வாழும் பெரிய பல்லி வகை இது. வளர்ந்தால் வாலோடு சேர்த்து ஒன்றரை மீட்டர் வரும், நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15 வருடத்துக்கு மேலும் இருக்கும். பீரோ உயரத்துக்குக் கூண்டும் ஏறிப் படுக்கக் கிளைகளும் வேண்டும். மீன் தொட்டியெல்லாம் சில மாதத்துக்குத்தான்.

அதைவிடப் பெரிய தப்பு, "நாய் மாதிரி" என்ற அந்தப் பேச்சை நம்பியது. முதுகைத் தடவினால் என் இகுவானா கண்ணை மூடிக்கொள்ளும். சொக்கிப் போகிறது என்று வீடியோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன். பல வாரம் கழித்துத்தான் கவனித்தேன்: என் கை இருக்கும் பக்கத்துக் கண் மட்டும்தான் மூடுகிறது, அடுத்த கண் திறந்து கதவையே பார்க்கிறது. ஓட வழியில்லாதபோது, தொல்லை கொடுப்பவரைப் பார்க்காமல் இருக்க அது செய்கிற வேலை அது. நாம் பேருந்தில் பக்கத்து சீட்காரர் பேச்சுக் கொடுக்கும்போது தூங்குவதுபோல் நடிப்போமே, ஏறக்குறைய அப்படி.

இன்னொரு தவறு, மேலிருந்து கையை நீட்டித் தூக்குவது. இகுவானாவின் உச்சந்தலையில் வெளிறிய செதில் ஒன்று தெரியும். அதுவும் ஒருவகைக் கண்தான். உருவம் தெரியாது, வெளிச்சமும் நிழலும் தெரியும். காட்டில் தலைக்கு மேல் நிழல் விழுந்தால் பருந்து என்று அர்த்தம். வீட்டில் அந்தப் பருந்து நம் கை. பக்கவாட்டிலிருந்து, அது பார்க்கும்படி மெதுவாகக் கையைக் கொண்டுபோய், வயிற்றையும் நான்கு கால்களையும் தாங்கித் தூக்க வேண்டும். வாலைப் பிடித்து இழுத்தால் வால் கழன்று கையோடு வந்துவிடும். மறுபடி வளரும், ஆனால் கறுத்து, பழைய அழகு இல்லாமல்.

தலையாட்டலையும் "ஹலோ சொல்கிறது" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் ஊர் வேலி ஓணான் தலையாட்டுவது எதற்கோ, இதுவும் அதற்குத்தான்: இது என் இடம். மெதுவாக ஒன்றிரண்டு ஆட்டல் என்றால் சரி. வேகமாக ஆட்டிக்கொண்டே தாடைக்குக் கீழிருக்கும் தோலை விரித்து, உடம்பைத் தட்டையாக்கி, பக்கவாட்டில் திரும்பி நின்றால் அடுத்தது வாலடி. முழங்கையில் அந்தச் சிவப்புக் கோடு எனக்கு ஒரு வாரம் இருந்தது. ஆண் இகுவானா பருவத்துக்கு வந்தால் முன்கால்களில் ஆரஞ்சு நிறம் ஏறும். அதுவரை சாதுவாக இருந்தது, கூண்டில் கை வைத்தாலே கடிக்க வரும். பல் சிறியதுதான், ஆனால் ரம்பம் மாதிரி. அந்த நாட்களில் பழக்குகிறேன் என்று மல்லுக்கு நிற்காதீர்கள். கண்ணாடி எதிரில் இருந்தால் எடுத்துவிடுங்கள், தன் பிம்பத்தோடும் சண்டை போடும்.

கோபக்கார இகுவானாவைவிட நான் அதிகம் பயப்படுவது திடீரென்று சாதுவாகிவிட்ட இகுவானாவைப் பார்த்துத்தான். "இப்போதெல்லாம் ஓடுவதே இல்லை, நன்றாகப் பழகிவிட்டது" என்பார்கள். போய்ப் பார்த்தால் கை கால் நடுங்கும், தாடை ரப்பர் மாதிரி வளையும். எலும்பில் கால்சியம் இல்லாமல் எழுந்து ஓடவே முடியாத நிலை. வெயிலில் இருக்கும் யூவிபி (UVB) என்ற புற ஊதாக் கதிர் தோலில் பட்டால்தான் அதன் உடம்பில் டி3 வைட்டமின் சரியாக உருவாகும். அது இல்லாமல் எவ்வளவு கால்சியம் கொடுத்தாலும் உடம்பில் ஒட்டாது. ஜன்னல் கண்ணாடி யூவிபியைத் தடுத்துவிடும், அதனால் கண்ணாடிக்குள் வரும் வெயில் கணக்கில் சேராது. அதற்காகக் கண்ணாடித் தொட்டியோடு மொட்டை மாடியில் வைத்தால் வெந்தே போகும். நிழலும் உள்ள கம்பிக் கூண்டில் காலை வெயில் காட்டலாம், அல்லது ஊர்வனவற்றுக்கென்றே விற்கும் யூவிபி விளக்கு போடலாம். அந்த விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் கதிர் மங்கிவிடும், 6 முதல் 12 மாதத்தில் மாற்ற வேண்டும். ஏசி அறையும் ஆகாது. ஒரு மூலையாவது 35 டிகிரி இருந்தால்தான் தின்ற இலை செரிக்கும். குளிரில் அசையாமல் கிடப்பதையும் நாம் "சமத்து" என்றுதான் சொல்வோம்!

சாப்பாடு பற்றிச் சுருக்கமாக: இது முழு சைவம். முட்டையும் பூச்சியும் கொடுத்தால் சிறுநீரகம் கெடும். முருங்கைக்கீரை, செம்பருத்தி இலையும் பூவும், கொஞ்சம் பூசணி போதும். பாலக்கீரை வேண்டாம், கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும்.

தும்மினால் பதறாதீர்கள். கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாகத் தெறித்ததைப் பார்த்து, சளி என்று மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடியவன் நான். அது உப்பு. உடம்பில் மிஞ்சும் உப்பை மூக்கு வழியாகத் தள்ளுகிறது, அவ்வளவுதான். பதற வேண்டியது சால்மொனெல்லாவுக்கு. நலமாக இருக்கும் இகுவானாவின் கழிவிலும் அந்தக் கிருமி இருக்கலாம். தொட்டால் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். அதன் தட்டைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். 5 வயதுக்குக் குறைந்த குழந்தை இருக்கும் வீட்டுக்கு இது வேண்டாம் என்பேன்.

அப்புறம், சட்டம். காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் (CITES) ஒப்பந்தப் பட்டியலில் இகுவானா இருக்கிறது. 2022 வனவிலங்குப் பாதுகாப்புத் திருத்தச் சட்டப்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், கைமாற்றினாலும் தெரிவிக்க வேண்டும். நம் ஊர் உடும்பைப் பிடித்து வளர்ப்பதோ நேராகவே குற்றம். சமாளிக்க முடியவில்லை என்று ஏரிக்கரையில் விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவின் புளோரிடாவில் செல்லமாக வளர்த்து வெளியே விட்டவையும் சேர்ந்து பெருகி, கால்வாய்க் கரைகளைத் தோண்டித் தள்ளியதால், 2021 முதல் அங்கே புதிதாக வளர்க்கவே தடை. முடியவில்லை என்றால் வனத்துறையிடம் பேசுங்கள்.