லத்தி எடுப்பதற்கு முன்னால்

காசிமேட்டில் குறும்படம் எடுக்க வரும் தம்பிகள் என்னிடம் காட்டும் கதை பெரும்பாலும் ஒன்றுதான். ஊரே கெட்டுக் கிடக்கும், ஒரு இன்ஸ்பெக்டர் மட்டும் நல்லவர், சட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு லத்தியை எடுப்பார். தாராளமாக எழுதுங்கள். ஆனால் முதலில் மாமூலைக் காட்டுங்கள்.

அதுவும் சூட்கேஸில் வேண்டாம். விடியற்காலை ஏலத்தில் ஒரு அக்கா ஐஸைத் தள்ளிவிட்டு நாலு சங்கரா மீனைக் கறுப்பு கவரில் போட்டு, யாரும் கேட்காமலே கூடைக்குப் பின்னால் வைக்கட்டும். வாங்க வருபவன் கவரைப் பார்க்கவே கூடாது, கை மட்டும் நீளட்டும். வசனம் எதற்கு?

அடுத்தது ஸ்டேஷன். என் முதல் கதையில் ஹீரோ தோளில் இரண்டு நட்சத்திரம் வைத்து இன்ஸ்பெக்டர் என்று எழுதியிருந்தேன். இரண்டு என்றால் எஸ்.ஐ., இன்ஸ்பெக்டருக்கு மூன்று. எதிர்வீட்டு ரிட்டயர்டு ஏட்டய்யா படித்துவிட்டு அதைக்கூட விட்டுவிட்டார். “ஏம்பா, புடிச்சவன மூணு நாளா லாக்கப்ல வெச்சினுகீறியே, கோர்ட்டுக்கு யாரு இட்டுனு போறது?” என்றுதான் கேட்டார். கைதானவரை, பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்த வேண்டும். அந்தக் கடிகாரத்தைச் சுவரில் மாட்டுங்கள், பாதி திரைக்கதை தானாக ஓடும். ஹீரோ ஒவ்வொரு முறை கை ஓங்கும்போதும் வில்லனின் வக்கீலுக்கு ஒரு பாயிண்ட் கிடைக்கட்டும். அடி வாங்கியவன் ஜாமீனில் சிரித்துக்கொண்டே வந்தால்தான் நமக்கு வயிறு எரியும்.

சண்டைக் காட்சிக்குப் பதில் நான் சிபாரிசு செய்வது ஒரு கண்ணாடி டம்ளர். பேப்பரில் ‘ரசாயனம் தடவிய நோட்டு’ என்று படிக்கிறோமே, அது பினாப்தலீன் பொடி. பணம் வாங்கிய விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைத்த தண்ணீரில் நனைத்தால், நிறமில்லாத தண்ணீர் இளஞ்சிவப்பாகும். கேமராவை டம்ளருக்கு ஒட்டி வையுங்கள். பின்னணி இசையைத் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, நல்ல சிக்கல். இந்தப் பொறியை வைப்பது லஞ்ச ஒழிப்புத் துறை, உங்கள் இன்ஸ்பெக்டர் அல்ல. பொறி வைக்கப் பெரும்பாலும் லஞ்சம் கேட்கப்பட்டவரின் புகார்தான் தொடக்கம். அப்படியென்றால் ஹீரோ போய் நிற்க வேண்டிய இடம் குடோன் இல்லை, அந்த மீன்கார அக்காவின் கூடைப் பக்கம். காசிமேட்டை ஒட்டிய ராயபுரம் சென்னைக்குள் இருந்தாலும் சின்ன ஊர் மாதிரிதான், கல்மண்டபத்தில் பேசினால் பனைமரத்தொட்டிக்குச் சேதி போய்விடும். அந்த அக்கா பயப்படத்தான் செய்வார். வட சென்னைப் பேச்சு என்று ‘இன்னாமே’வை வரிக்கு வரி தூவாமல், நிமிராமல் மீன் செதிலைச் சீவிக்கொண்டே இதைச் சொல்லவிடுங்கள்:

“நீ நாளைக்கு டிரான்ஸ்பர்ல பூடுவ சார். நான் இங்கதான கூட வெக்கணும்?”

இதற்கு ஹீரோவிடம் பதில் கிடைக்கும்வரை லத்தி ஸ்டேஷன் மூலையிலேயே சாய்ந்திருக்கட்டும்.